கெட மறுத்த பாட்டில்

கெட்டுப்போகவேண்டிய பாட்டில் கெட்டுப்போகவே இல்லை.

ஆய்வாளர் மூடியைத் திறந்து மூன்றாவது தடவையாக முகர்ந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். மூக்கின் ஒரு துளையை அடைத்துக்கொண்டு மறு துளையால் முகர்ந்தார். அன்று காலையில்தான் கலக்கி ஊற்றியதுபோல் இருந்தது. பாட்டிலில் ஒட்டியிருந்த தேதியோ அதற்கு வயது ஐந்து வாரம் என்றது.

"நாறித் தொலையேன்," என்றார் பாட்டிலிடம்.

அவர் வேலை பார்த்தது ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில். கம்பெனிக்குக் குழந்தைகளுக்கான வைட்டமின் மருந்து ஒன்று இருந்தது. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்து பால்போல் இருக்கும். எமல்ஷன் என்பார்கள். அதிலிருக்கும் எண்ணெய்க்குக் காற்று ஆகாது. காற்று பட்டால் கொஞ்ச நாளில் காறல் வாடை அடிக்கும், சத்தும் போய்விடும். அதைத் தடுக்கத்தான் ஆய்வாளர் மூன்று வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். கேரட்டின் ஆரஞ்சுச் சாயத்தைப் பிரித்தெடுத்து, ஒரு தலைமுடியின் குறுக்கே நூற்றுக்கணக்கில் அடுக்கக்கூடிய நானோ துகள்களுக்குள் அடைத்து, அந்தத் துகள்களை எமல்ஷனில் கலந்தார். ஆக்சிஜன் எண்ணெயை அடிக்க வரும்போது சாயம் முன்னால் போய் நின்று அடியை வாங்கிக்கொள்ளும். எண்ணெய் பிழைத்துக்கொள்ளும்.

இதை நிரூபிக்க இரண்டு பாட்டில்கள். ஒன்றில் துகள் கலந்த ஆரஞ்சு எமல்ஷன். இன்னொன்றில் எதுவும் கலக்காத வெள்ளை எமல்ஷன். வெள்ளையை மொத்தமாகப் பத்து லிட்டர் தயாரித்து, ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை டின்னோடு ஸ்டோரின் குளிர் அலமாரியில் கொடுத்துவைத்திருந்தார். இரண்டு பாட்டில்களும் ஒரே சூட்டுப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. வெள்ளை கெட வேண்டும். ஆரஞ்சு கெடக் கூடாது. ஆரஞ்சு சொன்ன பேச்சைக் கேட்டது. வெள்ளைதான் அழிச்சாட்டியம் பண்ணியது.

எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்ட ஒரு எண் உண்டு. ஒன்று, இரண்டு என்றால் புதுசு. இருபதைத் தாண்டினால் குப்பைத்தொட்டி. ஆய்வாளர் வாராவாரம் திங்கட்கிழமை பத்து மணிக்கு அளந்தார். ஆரஞ்சு, இரண்டு. வெள்ளை, ஒன்று.

மேனேஜர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"இதுல ஆரஞ்சுதான் ஒரு மார்க் கூட கெட்டிருக்கு?"

"சார், அது ஒரு பொருட்டே இல்ல. வெள்ளை இந்நேரம் முப்பது காட்டியிருக்கணும். அதான் எனக்குப் புரியல."

"உங்களுக்கே புரியலன்னா, அடுத்த வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துல இருந்து வர்ற கமிட்டிக்கு என்னத்தைப் புரியவைப்பீங்க? 'சும்மா விட்டாலே கெடாத மருந்துக்கு மூணு வருஷமா என்னய்யா காவல்?'னு கேப்பாங்க. வித்தியாசம் காட்டலன்னா இந்த வேலைக்கு மூடுவிழாதான். உங்களை லேபிள் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி இப்பவே பேச்சு அடிபடுது."

லேபிள் பிரிவு என்பது கட்டிடத்தின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு அறை. 'நன்றாகக் குலுக்கியபின் பயன்படுத்தவும்' என்ற வரி நேராக அச்சாகியிருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்க வேண்டும். அங்கே போன யாரும் திரும்பி வந்ததில்லை. அந்தத் துகள்களை ஆய்வாளர் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்திருந்தார்.

"சூட்டைக் கொஞ்சம் ஏத்திப் பாக்குறேன் சார்," என்றார்.

நாற்பது டிகிரியில் இருந்த பெட்டியை ஐம்பத்தைந்துக்கு ஏற்றினார். அவர் ஒன்றை மறந்துவிட்டார். அதே பெட்டியின் மேல்தட்டில் மேனேஜரின் செல்லப் பிராஜெக்டான ஜெலட்டின் மாத்திரைகள் நூறு இருந்தன. புதன்கிழமை காலையில் நூறும் உருகி ஒரே மாத்திரையாகியிருந்தன.

"இதை யாரு முழுங்குறது?" என்று மேனேஜர் கத்தினார். அந்தக் கட்டியைத் தட்டோடு தூக்கிக் காட்டினார். "யானைக்குக் காய்ச்சல் வந்தா குடுக்கலாமா?"

"மன்னிச்சிடுங்க சார். வெள்ளை எப்படி இருக்குன்னு மட்டும் பாத்துடறேன்."

வெள்ளை ஜம்மென்று இருந்தது. ஒன்று.

மேனேஜர் போகிற போக்கில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்காவைக் கூப்பிட்டு, "வாரத்துக்கு ஒரு சுத்து போதாது. கமிட்டி வந்துட்டுப் போற வரைக்கும் தினமும் காலையில எல்லா ரூமையும் ஒரு சுத்து சுத்திப் பாருங்க. இந்த மாதிரி அசிங்கம் ஒண்ணும் என் கண்ணுல படக் கூடாது" என்று உத்தரவு போட்டார். இதற்கும் ஆய்வாளரைத்தான் முறைத்தார்.

அன்று வீட்டில் ஆய்வாளர் சமையலறைக்குப் போய் எண்ணெய் ஜாடியைத் திறந்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"மூணு வாரம்," என்றாள் மனைவி. "ஏன், நாறுதா?"

"அருமையா நாறுது! பாத்தியா? மூணே வாரம்! எண்ணெய்னா இப்படி இருக்கணும்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணு வருஷமா வீட்டுல இருக்கிற ஒரு வெள்ளைத் துண்டு பாக்கி இல்லாம ஆரஞ்சாக்கினீங்க. பொறுத்துக்கிட்டேன். இப்ப என் சமையலறைக்கு வந்து நாறுதுன்னு சந்தோஷப்படுறீங்க. எனக்கு இது நல்லதாப் படல."

வெளிச்சம் பட்டாலும் எண்ணெய் கெடும். மனைவியின் தம்பி வீட்டுச் சாமான்கள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். ஆய்வாளர் அவனுக்குப் போன் போட்டார்.

"நல்ல பவரா ஒரு விளக்கு வேணும்டா. ஒரு பாட்டிலைக் கெட்டுப்போக வைக்கணும்."

"கெட்டுப்போக வைக்கணுமா? அதுக்கு எதுக்கு மாமா விளக்கு? நான் ரிப்பேர் பண்ணிக் குடுத்த ஃப்ரிட்ஜ் எதுலயாவது வைங்க."

"விளையாடாதடா. என் பொழைப்பு போயிடும்."

விளக்கு வந்தது. பழைய போட்டோ ஸ்டுடியோ விளக்கு. வியாழக்கிழமை மாட்டினார், ஆய்வுக்கூடத்தின் பாதிக்குக் கரண்ட் போனது. திட்டு வாங்கிக்கொண்டு வேறு பிளக்கில் மாட்டினார். இரண்டு பாட்டில்களும் நான்கு நாள் இரவும் பகலும் அந்த வெளிச்சத்தில் குளித்தன. திங்கட்கிழமை வந்து பார்த்தால், ஆரஞ்சு வெளுத்துப்போய் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. வெள்ளை முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது.

"இப்ப ஆரஞ்சுதான் கெட்ட மாதிரி இருக்கு," என்றார் மேனேஜர்.

"கெடல சார்! அளந்து பாத்துட்டேன், மூணுதான். நிறம் வெளுத்துச்சுன்னா அது வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். அடியெல்லாம் அது வாங்கியிருக்கு!"

"அப்ப வெள்ளை?"

"ஒண்ணு."

"அடியே வாங்காமலா?"

அந்த நேரம் பார்த்து ஸ்டோர் அக்கா வழக்கம்போல ஒரு கட்டு ஃபாரத்தோடு வந்து நின்றார். ஸ்டோரிலிருந்து ஒரு பஞ்சு உருண்டை எடுத்தாலும் வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று மூன்று ஃபாரத்தில் கையெழுத்து வேண்டும் என்பது அந்த அக்காவின் சட்டம். அடுத்தவர்கள் எழுதி நீட்டுவார்கள், அக்கா வாங்குவார். அக்கா எழுதி நீட்டினால் அடுத்தவர்கள் கையெழுத்துப் போட்டே தீர வேண்டும்.

"சார், கையெழுத்து."

"இப்பவா அக்கா? தலை வெடிச்சுக்கிட்டிருக்கு."

"படிச்சுட்டுப் போடுங்க சார். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

"படிக்க எனக்கு உசுரு இல்ல," என்று எரிந்து விழுந்துகொண்டே ஆய்வாளர் ஒன்பது இடத்தில் கிறுக்கித் தள்ளினார்.

இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. அன்று மத்தியானம் ஆய்வாளர், தன் முப்பது வருஷப் படிப்பில் எந்த வாத்தியாரும் மன்னிக்காத ஒரு காரியத்தைச் செய்தார். கதவைச் சாத்திவிட்டு, வெள்ளை பாட்டிலில் மட்டும் ஒரு சிட்டிகை இரும்பு உப்பைப் போட்டுக் கலக்கினார். இரும்பு பட்டால் எந்த எண்ணெயும் ஒரே நாளில் ஊரைக் கூட்டும். வெள்ளை லேசாகப் பழுப்பாக மாறியது. ஆய்வாளருக்கு மனசு உறுத்தியது. ஆனாலும் இரவு நிம்மதியாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்து பார்த்தார். பால் வெள்ளை. வாடை இல்லை. பழுப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"இரும்பையே ஜீரணம் பண்ணிடுச்சே!" என்று அலறினார்.

உட்கார்ந்து யோசித்தார். யாரோ விளையாடுகிறார்கள். பாட்டிலையே மாற்றி வைக்கிறார்கள். யார்? மாத்திரைகள் உருகியதிலிருந்து மேனேஜர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆய்வாளருக்குச் சந்தேகம் பற்றிக்கொண்டது. வீட்டுக்குப் போனதும் மனைவியின் சிவப்பு நகப்பூச்சை யாருக்கும் தெரியாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாள் மறுபடியும் இரும்பு போட்டுக் கலக்கி, பாட்டிலின் அடியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தார். பிறகு ஸ்டோருக்குப் போய்ப் பெட்டிக்கு ஒரு பூட்டு கேட்டார்.

"எதுக்கு சார் பூட்டு?"

"திருட்டு நடக்குது."

"என்ன சார் காணாம போச்சு?"

"ஒண்ணும் காணாம போகல. அதான் பிரச்சனையே."

அக்கா பூட்டையும், மூன்று ஃபாரத்தையும், கூடவே நேற்றைய பாக்கி என்று இன்னொரு மூன்று ஃபாரத்தையும் நீட்டினார். ஆய்வாளர் ஆறிலும் போட்டுவிட்டு ஓடினார். பெட்டியைப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அது வீட்டில் கண்ணில் பட்டது.

"கழுத்துல என்ன சாவி?" என்றாள் மனைவி.

"பாட்டிலுக்கு."

"பாட்டிலுக்குச் சாவியா? சரி. உங்க பைக்குள்ள என் நகப்பாலிஷ் எப்படி வந்துச்சு?"

"அதுவும் பாட்டிலுக்குத்தான்."

மனைவி போனை எடுத்தாள். "தம்பி, உடனே கிளம்பி வா. உங்க மாமாவுக்கு ஏதோ ஆயிடுச்சு. பாட்டிலுக்கு நகப்பாலிஷ் போட்டு, பூட்டி வச்சுட்டு வந்திருக்காராம்."

தம்பி வந்தான். மாமாவைப் பார்த்தான். சாவியைப் பார்த்தான். "விளக்கை நான் குடுத்திருக்கக் கூடாதுக்கா," என்றான்.

அன்றிரவு ஆய்வாளர் வீட்டுக் கூடத்தில் தனியாகப் படுத்தார். கோபம், பயம், பசி மூன்றும் சேர்ந்து புரட்டியது. யாராவது ஒரே ஒரு ஆள் அவரை நம்பினால் போதும் என்றிருந்தது.

வியாழக்கிழமை நேராகப் பெட்டியிடம் போனார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்து, பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். அடியில் சிவப்புப் புள்ளி. அவர் எழுதிய லேபிள். அவர் விட்டுவைத்த அதே மட்டம், ஒரு சொட்டுக் கூடக் குறைவில்லை. உள்ளே பால் வெள்ளை. அளந்தார். ஒன்று.

அதே பாட்டில்தான். யாரும் மாற்றவில்லை. மேனேஜரைச் சந்தேகப்பட்டதற்கு ஆய்வாளருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, தான் படித்த வேதியியல் மொத்தமும் பொய்யோ என்று கலக்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கமிட்டி வந்தது. இரண்டு ஆண்கள், தலைவராக ஒரு அம்மாள். நீண்ட மேஜையில் இரண்டு பாட்டில்களையும் வைத்தார்கள். ஒன்று வெளுத்து, சோகையாக. ஒன்று கல்யாணப் பெண் மாதிரி தளதளவென்று.

தலைவர் அம்மாள் வெள்ளையை முகர்ந்தார். புருவத்தை உயர்த்தினார். பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அவரும் முகர்ந்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"இது எத்தனை வாரம் ஆச்சு?"

"ஏழாவது வாரம்மா," என்றார் ஆய்வாளர்.

"என்ன சேத்தீங்க?"

"ஒண்ணும் சேர்க்கல."

"ஒண்ணுமே சேர்க்காமலா இப்படி இருக்கு?"

ஆய்வாளருக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொன்னால் இவர்களுக்காவது சந்தேகம் வரும் என்று ஒரு நப்பாசை. "அம்மா, நான் இதுல இரும்பு உப்பு கூடப் போட்டேன். ரெண்டு தடவை. அம்பத்தஞ்சு டிகிரில வச்சேன். ஸ்டுடியோ விளக்குல காயவச்சேன். இது கெட்டே ஆகணும். கெடலன்னா எங்கயோ என்னமோ தப்பு இருக்கு. தயவுசெஞ்சு இதை நம்பாதீங்க."

தலைவர் அம்மாள் எழுந்து நின்று கைதட்டினார். மற்ற இருவரும் எழுந்தார்கள்.

"இரும்பையும் தாங்குதா! இத்தனை கடுமையா யாரும் சோதிச்சதே இல்ல. இது எப்படி சாத்தியம்?"

"எங்க ப்ளாண்ட் தண்ணி அப்படிம்மா," என்றார் மேனேஜர், தானே கிணறு வெட்டியவர்போல.

அதன்பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. துகளும் வேண்டாம், சாயமும் வேண்டாம். வெள்ளையை அப்படியே விற்பது. பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்காமல் இரண்டு வருஷம் கெடாது என்று திங்கட்கிழமை முதல் லேபிளில் அச்சடிப்பது. அந்த லேபிள் நேராக அச்சாகிறதா என்று பார்க்க, மருந்தை நன்றாகத் தெரிந்த ஒருவர் லேபிள் பிரிவில் இருப்பது நல்லது என்று மேனேஜர் யோசனை சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க," என்றார் தலைவர் அம்மாள். "உங்க சோதனையில வெள்ளை கெடலன்னு."

ஆய்வாளர் இந்த ஒரு தாளை மட்டும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பொய் ஒன்றும் இல்லை. அவர் கண்ணால் பார்த்த எண்கள்தான். குழந்தைகள் குடிக்கப்போகும் மருந்து என்பது மட்டும் உறுத்தியது. ஆனால் அளந்ததை இல்லை என்று சொல்ல அவருக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டார். பேனா மூடியைப் போடக் கூட மறந்துவிட்டார்.

கமிட்டியும் மேனேஜரும் சிரித்துப் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்கள். கார் கிளம்பத் தயாராக உறுமும் சத்தம் கேட்டது. ஆய்வாளர் தன் அறைக்கு வந்து, மூன்று வருஷக் குறிப்பேடுகளை ஒரு அட்டைப்பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தார். கண் கலங்கியது. துடைத்துக்கொண்ட கைக்குட்டையும் ஆரஞ்சு நிறம்தான்.

கதவைத் தட்டிவிட்டு ஸ்டோர் அக்கா உள்ளே வந்தார். கையில் ஃபாரம்.

"போங்கக்கா," என்றார் ஆய்வாளர். "இனிமே என் கையெழுத்துக்கு இங்க மதிப்பு கிடையாது. பூட்டை வேணும்னா எடுத்துக்குங்க. இந்தாங்க சாவி."

"நீங்களே வச்சுக்குங்க சார். எல்லாப் பூட்டுக்கும் இன்னொரு சாவி ஸ்டோர்ல இருக்கு. நான் கேக்க வந்தது வேற. நீங்க லேபிளுக்குப் போறீங்களாமே, இனிமே அந்த வெள்ளை பாட்டில் ஃபாரத்துக்கு யாருகிட்ட கையெழுத்து வாங்கணும்?"

"வெள்ளை பாட்டிலுக்கு ஏதுக்கா ஃபாரம்?"

"அதான் சார், அது நாற ஆரம்பிச்சதும் கீழ கொட்டி, பாட்டிலைக் கழுவி, டின்ல இருந்து புதுசா அதே மட்டத்துக்கு ஊத்தி வைக்கிறதுக்கு இத்தனை வாரமா நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"